பினாங்கு நிபோங் திபால் பக்கம் மாடு வளர்ப்பவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் உறவுகளே. அப்பா விட்டுப்போன 4 ஏக்கரில் 8 மாடுகள் வைத்திருக்கிறேன். ஆறு நம் நாட்டு இனமான கெடா-கிளந்தான், இரண்டு பிராமன் கலப்பு. அவிழ்த்துவிட்டால் குட்டையோரமே மேயும். அங்கே புல் வேரோடு போய், மழை பெய்தால் வெறும் குளம்படிச் சேறு. எதிர் மூலையிலோ லாலாங் களைப்புல் இடுப்பளவு நிற்கிறது.

ஸிம்பாப்வேச் சூழலியலாளர் ஆலன் சேவரி 2013-இல் டெட் (TED) மேடையில் பேசியதைப் பார்த்துத்தான் மாடுகளை இடம் மாற்றி மாற்றி மேய்க்க ஆசை வந்தது. மாடுகளை வைத்தே பாலைவனத்தை மீட்கலாம் என்கிறார். ஆய்வாளர்கள் பலர் அதை ஏற்கவில்லை, எனக்கும் கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. ஆனால் புல்லுக்கு ஓய்வு கொடு என்பதில் தப்பில்லையே?

மின்வேலிக் கயிறு கட்டி நிலத்தைப் பத்தாகப் பிரித்தேன். ஒரு கட்டத்தில் 3 நாள், அப்புறம் 27 நாள் மாடு அங்கே கால் வைக்காது. இரண்டாம் சுற்று ஓடுகிறது. முதல் கட்டத்தில் புல் ஒரு சாணுக்கு மேல் தழைத்துவிட்டது. சாணியைக் குச்சியால் கிளறினால் வண்டுகள் ஓடுகின்றன.

இப்போது சிக்கல் மழைக்காலம். நிலம் ஊறிக் கிடக்கும்போது மாடுகளை எங்கே நிறுத்துகிறீர்கள்? ஒரு கட்டத்தைப் பலி கொடுப்பதா, கொட்டகையா? ஆடும் சேர்க்க ஆசை, ஆனால் இங்கே பாதி நிலம் சிக்னல் புல். அது ஆட்டுக்கு ஆகாது, செம்மறிக்கு இன்னும் மோசம். வேறு என்ன புல் போடலாம்?

ஜார்ஜ்டவுனில் ஒருவர் இயற்கை மாட்டிறைச்சி கேட்கிறார். (அம்மா காதில் விழக்கூடாது!) செம்பனைப் பிண்ணாக்கு கொடுத்தால் அதை 'இயற்கை' என்று விற்க முடியுமா? சான்றிதழ் எடுத்தவர்கள் சொல்லுங்கள்.