புதுப்பிப்பு: பழைய தேக்கு உத்திரத்தில் நிலையும் கதவும்

காரைக்குடிப் பக்கம் இடித்த வீட்டு உத்திரங்களை வாங்கி, புது வீட்டுக்கு நிலை, கதவு செய்யலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். வாங்கியாச்சு, நிலைகள் நின்றுவிட்டன, கதவு வேலை ஓடுகிறது.

மரம் பர்மா தேக்கு, அந்தக் காலத்தில் கப்பலில் வந்த சரக்கு. கரியும் சுண்ணாம்பும் அப்பி, பார்க்க விறகு மாதிரிதான் இருந்தது. ஆசாரி ஒரு முனையில் இழைப்புளி ஓட்டியதும் தேன் நிறத்தில் ரேகை எழுந்தது. தேக்கு வாசனைகூடப் போகவில்லை!

தலைவலி ஆணிதான். “பிளேடு போனால் காசு நீங்கதான் தரணும்” என்று அறுவை மில்லில் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். கறுப்புக் கறை தெரிந்த இடமெல்லாம் நோண்டினோம். தலை ஒடிந்து உள்ளே புதைந்ததைக் கெட்டிக் காந்தம்தான் காட்டிக்கொடுத்தது.

பழைய துளைகள், கரையான் தின்ற வெள்ளைப் பகுதி எல்லாம் கழிவு. காசு கொடுத்த கன அடி முழுதும் கைக்கு வராது, பேரம் பேசும்போதே அதைக் கணக்கில் வையுங்கள். ஆனால் நன்றாகக் காய்ந்த மரம், முறுக்கிக்கொள்ளும் பயம் குறைவு. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். அடுப்புக்குப் போயிருந்தால் அது கரியமில வாயுவாகக் காற்றில் கலந்திருக்கும்.

பெயின்ட் அடித்த பழைய கதவைச் சுரண்டுவது பற்றிக் கேட்டவருக்கு: அந்தப் பெயின்டில் ஈயம் இருக்கலாம். உலர்வாக உப்புத்தாள் போடாதீர்கள், நனைத்துச் சுரண்டுங்கள், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

மீதித் துண்டுகளில் மாடிப்படிக் கைப்பிடி வருமா என்று ஆசாரி அளந்துகொண்டிருக்கிறார்.