விந்தணுப் புரதக் குறைக்கு முட்டை சாப்பிட்டால் போதுமா?

கேள்வி (அம்பாசமுத்திரம்):
அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். எனக்குத் திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பரிசோதனைத் தாளில் விந்தணு எண்ணிக்கையும் நகர்வும் சரியாக இருந்தும், விந்தணுவின் புரதத்தில் குறை இருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதிலிருந்து, அம்மா தினமும் இரண்டு அவித்த முட்டையைத் தட்டில் வைக்கிறார்கள். இதனால் பயன் உண்டா?

பதில் (பாளையங்கோட்டை, உயிரியல் ஆசிரியை):
தம்பி, முட்டை நல்ல உணவுதான். ஆனால் மருத்துவர் குறிப்பிட்டது விந்தணு உருவாகும்போது விதைப்பையில் உண்டாகும் புரதங்களை. மற்ற உயிரணுக்களில் ஹிஸ்டோன் என்ற புரதத்தின்மேல் சுற்றியிருக்கும் டிஎன்ஏ, விந்தணு முதிரும்போது பெரும்பாலும் புரோட்டமின் என்ற சிறு புரதத்துக்கு மாறி, மெல்லிய பத்தமடைப் பாயை மடித்துச் சிறு பெட்டியில் அடக்குவதுபோல் இறுகிவிடுகிறது. மனிதரிடம் இரு வகைப் புரோட்டமின்கள் உண்டு. அவற்றின் விகிதம் பிறழ்ந்தால் டிஎன்ஏ எளிதில் சிதையும். எண்ணிக்கையைப் பார்த்து அதை அறிய முடியாது. டிஎன்ஏ சிதைவுப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பதில் (தென்காசி):
கருமுட்டையோடு இணையவும் புரதம் வேண்டும். 2005இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்த இசுமோ என்ற புரதம் இல்லாத எலியின் விந்தணு, கருமுட்டை வரை நீந்திச் சென்றும் அதனோடு கலப்பதில்லை. அதை ஏற்கும் ஜூனோ என்ற கருமுட்டைப் புரதம் 2014இல் தெரியவந்தது. தம்பி, வேலை வெப்பத்திலா? பீடி உண்டா?

கேள்வி கேட்டவர்:
அல்வா கிண்டும் அடுப்பருகில் தினமும் எட்டு மணி நேரம் நிற்கிறேன். பீடியும் உண்டு.

பதில் (பாளையங்கோட்டை):
இரண்டையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். விதைப்பைக்கு உடல்வெப்பத்தைவிடச் சில பாகை குறைவாக இருக்க வேண்டும். விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாட்கள் ஆவதால், பீடியை இன்றே விட்டாலும் மூன்று மாதம் பொறுத்தே மறுபரிசோதனை செய்யுங்கள்.