நடுவர் ஷரத்து இருக்கும்போது அவசரத் தடைக்கு எங்கே போவது?

செங்காந்தள்:
வணக்கம். ஒரு வெளிநாட்டு விநியோகஸ்தரோடு 2019-ல் போட்ட ஒப்பந்தத்தில், தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் பதில் ஐசிசி (சர்வதேச வணிகச் சங்கம்) விதிப்படி நடுவர் மன்றம் என்று எழுதியிருக்கிறோம். இப்போது தகராறு வந்துவிட்டது, நடுவர்கள் இன்னும் அமரவில்லை, அதற்குள் வங்கியில் இருக்கும் பணத்தை அவர்கள் வேறு நாட்டுக்கு நகர்த்திவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. நீதிமன்றத்தில் தடை கேட்டால் நடுவர் ஷரத்தை நாங்களே கைவிட்டதாக ஆகிவிடுமா? நடுவர்கள் அமரும் முன்பே அவசர உத்தரவுக்காக ஐசிசி நியமிக்கும் அவசர நடுவர் போதாதா?

நதிமூலம்:
கைவிட்டதாக ஆகாது. அன்சிட்ரால் (ஐ.நா. வர்த்தகச் சட்ட ஆணையம்) நாடுகளுக்காக எழுதிய மாதிரி நடுவர் சட்டத்தின் 9-வது பிரிவு 1985-லிருந்தே அதைத்தான் சொல்கிறது, ஐசிசி விதி 28(2)-லும் இருக்கிறது. உங்கள் விஷயத்தில் முக்கியமானது பணம் யார் கையில் இருக்கிறது என்பதுதான். வங்கி உங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை, அதனால் எந்த நடுவரும் அதற்கு உத்தரவு போட முடியாது. எதிர்தரப்பைப் பார்த்து "பணத்தை எடுக்காதே" என்று சொல்லலாம், அவர்கள் மீறினால் பிறகு இழப்பீட்டில் கணக்குப் பார்க்கலாம், ஆனால் கணக்கை முடக்க நீதிமன்றம்தான் வேண்டும்.

அவசர நடுவர் வேகமானவர்தான், கோப்பு கைக்கு வந்து 15 நாளுக்குள் உத்தரவு தருவார், கட்டணம் 40,000 அமெரிக்க டாலர். ஆனால் விண்ணப்பத்தின் நகல் எதிர்தரப்புக்கும் போகும். ஓடத் தயாராக இருப்பவருக்கு 15 நாள் தாராளம்.

கல்வெட்டு:
நதிமூலம் சொல்வது வங்கி விஷயத்தில் சரி, ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லாரும் எல்லாவற்றுக்கும் நீதிமன்றம் ஓடக்கூடாது. பங்கை விற்கக்கூடாது, சரக்கை அழிக்கக்கூடாது, ஒப்பந்த வேலையை நிறுத்தக்கூடாது என்பது போன்றவை இரண்டு தரப்புக்குள்ளேயே முடிகிற விஷயம், அதற்கு நடுவரே மேல். விவரம் பெரும்பாலும் வெளியே போகாது, நடுவர் மன்றம் அமர்ந்துவிட்டால் வழக்கை முழுதாகக் கேட்கப்போகிறவர்களும் அவர்கள்தான். நீதிமன்றங்களும் இப்போது முன்போல் கதவைத் திறந்து வைப்பதில்லை. இங்கிலாந்தில் 2016-ல் ஜெரால்ட் மெட்டல்ஸ் வழக்கில், எல்சிஐஏ (லண்டன் சர்வதேச நடுவர் மன்றம்) அவசர நடுவரை நியமிக்க மறுத்த பிறகும், நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது. இந்தியாவில் 2015 திருத்தத்துக்குப் பிறகு, நடுவர் மன்றம் அமைந்துவிட்டால் இந்திய நடுவர் சட்டத்தின் 9-வது பிரிவில் இடைக்காலத் தடை கேட்கும் மனுவை நீதிமன்றம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாது, நடுவரிடம் கிடைக்கும் பரிகாரம் பயன் தராது என்று காட்ட வேண்டும்.

செங்காந்தள்:
இரண்டு பேருக்கும் நன்றி. அப்படியானால் எந்த நாட்டு நீதிமன்றம்? நடுவர் மன்றத்துக்கு நாங்கள் குறித்த நாடு ஒன்று, பணம் இருக்கும் நாடு வேறு.

நதிமூலம்:
பணம் இருக்கும் நாட்டை முதலில் பாருங்கள். மாதிரிச் சட்டத்தில் 2006-ல் சேர்த்த 17J பிரிவு, நடுவர் மன்றம் எந்த நாட்டில் இருந்தாலும் உள்ளூர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போடலாம் என்கிறது. ஆனால் அந்தத் திருத்தத்தை எல்லா நாடும் ஏற்கவில்லை, அதனால் அந்த ஊர் வக்கீலிடம் இன்றைக்கே கேளுங்கள். நடுவரின் இடைக்கால உத்தரவை அங்கே கொண்டுபோய் அமல்படுத்தலாம் என்று நம்பி இருக்க வேண்டாம், நடுவர் தீர்ப்பை வேறு நாட்டில் அமல்படுத்த உதவும் 1958 நியூயார்க் உடன்படிக்கை இடைக்கால உத்தரவுக்குப் பொருந்துமா என்பதே இன்னும் தீராத சண்டை.

கல்வெட்டு:
அப்புறம் ஒரு விஷயம். எதிர்தரப்புக்குத் தெரியாமல் தடை கேட்கும்போது உங்களுக்குப் பாதகமான உண்மையையும் நீங்களே சொல்ல வேண்டியிருக்கும், மறைத்தது தெரிந்தால் பல நாட்டு நீதிமன்றங்கள் அதற்காகவே தடையை விலக்கிவிடும். தடை தவறு என்று பின்னால் முடிவானால் நஷ்டத்தைத் தருவதாக உறுதிமொழியும் கேட்பார்கள், அதற்குப் பணம் ஒதுக்கி வையுங்கள். நீதிமன்றத்தில் மனு போட்டதும் தாமதிக்காமல் ஐசிசி செயலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், அதுவும் 28(2)-ல்தான் இருக்கிறது. நடுவர் நடவடிக்கையைத் தொடங்கும் கோரிக்கையையும் கூடவே தாக்கல் செய்துவிடுங்கள். இந்திய நீதிமன்றமாக இருந்தால் தடை கிடைத்த 90 நாளுக்குள் நடுவர் நடவடிக்கை தொடங்கியாக வேண்டும்.