எக்ஸ்ரே வழி நிமோனியா கண்டறியும் நிரல்: ஒரு தொகுப்பில் 97 சதவீதம், இன்னொரு தொகுப்பில் தடுமாற்றம் ஏன்?

தேன்சிட்டு (வினா):

அனைவருக்கும் வணக்கம். நான் கணினி அறிவியல் இறுதியாண்டு மாணவி. மார்பு எக்ஸ்ரே படத்தைப் பார்த்து நிமோனியா இருக்கிறதா என்று சொல்லும் ஆழ்கற்றல் நிரல் (எடுத்துக்காட்டுப் படங்களிலிருந்து தானே கற்கும் நிரல்) ஒன்றை எங்கள் குழு உருவாக்கி வருகிறது. நிமோனியா உள்ள படங்களைக் குழந்தைகளுக்கான ஒரு திறந்த தொகுப்பிலிருந்து எடுத்தோம். அதில் நோயற்ற படங்கள் குறைவாக இருந்ததால், நோயற்றவற்றில் பெரும்பகுதியைப் பெரியவர்களுக்கான வேறொரு தொகுப்பிலிருந்து சேர்த்தோம். எல்லாப் படங்களையும் கலந்து, ஐந்தில் ஒரு பங்கைச் சோதனைக்கு ஒதுக்கியபோது 97 சதவீதம் சரியான விடை கிடைத்தது. ஆனால் மூன்றாவதாக வேறோர் இடத்துப் படங்களைக் கொடுத்தால், நிரலின் விடை குத்துமதிப்பாகச் சொல்வதைவிடச் சற்றே மேலாக இருக்கிறது.

இதற்குக் காரணம் என்ன என்பது என் முதல் கேள்வி. ஆய்வகத்தில் இப்படித் தடுமாறும் தொழில்நுட்பம் உண்மையில் நோயாளிகளிடம் பயன்படுத்தப்படுகிறதா, அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது இரண்டாவது. இத்துறையில் அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நுண்நோக்கி:

வணக்கம். உங்கள் முதல் கேள்விக்கான விடை உங்கள் விவரிப்பிலேயே இருக்கிறது. நோயுள்ள படங்கள் குழந்தைகளுடையவை, நோயற்றவற்றில் பெரும்பகுதி பெரியவர்களுடையவை. அப்படியானால் நிரல் நிமோனியாவைக் கற்கவேண்டிய தேவையே எழவில்லை. விலா எலும்புகளின் அளவு, இதய நிழலின் விகிதம், கைகள் தூக்கிப் பிடிக்கப்பட்டிருக்கும் விதம் ஆகியவற்றைக் கொண்டு இது குழந்தையா பெரியவரா என்று பிரித்தாலே ஏறத்தாழ எல்லா விடைகளும் சரியாகிவிடும். மூன்றாம் தொகுப்பில் அந்தக் குறுக்குவழி அடைபட்டதால்தான் விடைகள் சரிந்தன.

இது உங்கள் குழுவுக்கு மட்டும் நேர்ந்ததன்று. கோவிட் காலத்தில் மார்பு எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் வழியாக நோயைக் கண்டறிவதாகச் சொன்ன ஆய்வுகளை 2021இல் ஒரு குழு திரட்டிப் பார்த்தது. முதலில் கிடைத்த 2,212 ஆய்வுகளில் 62 மட்டுமே முழு மதிப்பீட்டுக்குத் தேறின. அவற்றில் ஒன்றுகூட மருத்துவப் பயன்பாட்டுக்கு ஏற்றதாக இல்லை என்பது அந்தக் குழுவின் முடிவு. சின்னஞ்சிறு குழந்தைகளின் படங்களைப் பெரியவர்களின் கோவிட் படங்களோடு ஒப்பிட்டுப் பயிற்சி அளித்ததும் அவர்கள் சுட்டிய குறைகளில் ஒன்று.

வயதை ஒத்தாக்கிய பிறகும் பிற குறுக்குவழிகள் இருக்கும். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், மூன்று மருத்துவ அமைப்புகளின் மார்பு எக்ஸ்ரே படங்களைக் கொண்டு நிமோனியாவைக் கணிக்க நிரலுக்குப் பயிற்சி அளித்தார்கள். ஓரிடத்துப் படங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நிமோனியா என்று குறிக்கப்பட்டிருந்தது. மற்ற இரண்டிலும் அது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றுதான். படம் எந்த இடத்திலிருந்து வந்தது என்பதை அந்த நிரலால் மிகத் துல்லியமாகக் கண்டுபிடிக்க முடிந்தது. இடம் தெரிந்துவிட்டால் நோயைக் கணிப்பதில் பாதி வேலை முடிந்ததாகிவிடும் அல்லவா? நடமாடும் எக்ஸ்ரே கருவியில் எடுத்த படம் என்பதற்கான அடையாளங்கள்கூட நிரலுக்குத் துப்பாகின்றன. படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்குத்தானே அந்தக் கருவியைப் பயன்படுத்துகிறார்கள்.

உங்கள் நிரல் எதைப் பார்க்கிறது என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. நுரையீரல் பகுதி முழுவதையும் கறுப்புக் கட்டத்தால் மறைத்து, எஞ்சிய ஓரங்களை மட்டும் கொண்டு மீண்டும் பயிற்சி அளித்துப் பாருங்கள். அப்போதும் 90 சதவீதத்துக்கு மேல் சரியாக வந்தால், பழைய எண்ணுக்கு மருத்துவப் பொருள் ஏதுமில்லை என்று உறுதியாகிவிடும். நிரல் கவனிக்கும் இடத்தைச் சிவப்பாகக் காட்டும் வெப்பப்படங்களைப் பலர் சான்றாக வைக்கிறார்கள். நுரையீரலின் மேல் சிவப்பு விழுந்ததாலேயே அங்குள்ள நோயைத்தான் நிரல் கண்டது என்று கொள்ள முடியாது. அந்தப் படங்களை நான் துணைத் தகவலாக மட்டுமே எடுத்துக்கொள்வேன்.

கதிர்வாசகர்:

நான் கதிரியல் மருத்துவராகப் பணியாற்றுகிறேன். மேலே நண்பர் சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் சிக்கல் படங்களின் மூலத்தோடு முடிந்துவிடுவதில்லை, படத்தின் மேல் ஒட்டப்பட்ட பெயரிலும் இருக்கிறது.

நிமோனியா என்பது எக்ஸ்ரேயை மட்டும் வைத்துச் சொல்லப்படும் நோயன்று. படத்தில் நாங்கள் காண்பது நுரையீரலில் ஒரு வெண்மை. அது கிருமித் தொற்றால் வந்த சளியாக இருக்கலாம், இதயச் செயலிழப்பால் தேங்கிய நீராக இருக்கலாம், இரத்தக் கசிவாகவோ நுரையீரலின் ஒரு பகுதி சுருங்கியதாகவோ இருக்கலாம். காய்ச்சல் உண்டா, இருமல் எத்தனை நாளாக இருக்கிறது, இரத்தப் பரிசோதனை என்ன சொல்கிறது என்பவற்றைச் சேர்த்த பிறகே அந்த வெண்மைக்குப் பெயர் கிடைக்கிறது. பெரிய திறந்த தொகுப்புகளில் ஒன்றான, 30,805 பேரின் 1,12,120 படங்களைக் கொண்ட அமெரிக்கத் தொகுப்பில், நோய்ப் பெயர்கள் மருத்துவர்களின் அறிக்கை வாசகங்களிலிருந்து கணினியால் பிரித்தெடுக்கப்பட்டவை; யாரும் படத்தை மீண்டும் பார்த்து எழுதியவை அல்ல. எனவே உங்கள் நிரலை ‘வெண்மையைக் கண்டறியும் நிரல்’ என்று அழைப்பதே நேர்மையானது என்று நான் கருதுகிறேன்.

அதே தொகுப்பில் இன்னொரு பாடமும் கிடைத்தது. மார்புக்கூட்டில் காற்று சேர்ந்து நுரையீரல் சுருங்கும் நிலைக்கு, அந்தக் காற்றை வெளியேற்ற ஒரு குழாய் செருகுவோம். அந்த நோய் குறிக்கப்பட்ட படங்களில் பெரும்பாலானவற்றில் குழாய் ஏற்கெனவே இருந்தது. பயிற்சி பெற்ற நிரல் குழாயுள்ள படங்களில் சிறப்பாகவும், குழாயில்லாத படங்களில் மிகவும் குறைவாகவும் செயல்பட்டது. சிகிச்சை தொடங்கிய நோயாளியைச் சரியாகக் கண்டுபிடித்து, சிகிச்சையே கிடைக்காதவரைத் தவறவிடும் கருவி எங்களுக்கு எதற்கு? ஒட்டுமொத்தச் சதவீதம் இத்தகைய பிழையை முழுவதுமாக மறைத்துவிடும் என்பதுதான் என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது.

கரையோரம்:

இரண்டாவது கேள்விக்கு நான் விடை சொல்ல முயல்கிறேன். நோய் வடிகட்டல் திட்டங்களின், அதாவது பலரைச் சோதித்து நோய் ஐயமுள்ளவர்களைப் பிரித்தெடுக்கும் திட்டங்களின், மதிப்பீடுதான் என் பணி.

ஆம், பயன்பாட்டில் இருக்கின்றன. நீரிழிவு நோயாளிகளின் விழித்திரைப் படத்தைப் பார்த்து, கண் மருத்துவரின் துணையின்றித் தானே முடிவு சொல்லும் மென்பொருளுக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018 ஏப்ரலில் முதன்முறையாக அனுமதி வழங்கியது. உலக சுகாதார நிறுவனம் 2021இல், 15 வயதும் அதற்கு மேலும் ஆனோரின் மார்பு எக்ஸ்ரேயில் காசநோய் ஐயத்தை வடிகட்டுவதற்கு, படம் வாசிக்கும் மனிதருக்கு மாற்றாக மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. இவ்விரண்டிலும் கேள்வி மிகக் குறுகியது: இவரை அடுத்த கட்டப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டுமா, வேண்டாமா? ஐயத்துக்குரியவர் என்று குறிக்கப்பட்டவருக்குச் சளிப் பரிசோதனையோ கண் மருத்துவரின் நேரடிப் பரிசோதனையோ நடக்கும். படத்தை மட்டும் வைத்துச் சிகிச்சை தொடங்குவதில்லை.

மார்பகப் புற்றுநோயின் வரலாறு இன்னும் ஆழ்ந்து பார்க்கத்தக்கது. மேமோகிராம் எனப்படும் மார்பக எக்ஸ்ரே படத்தில் ஐயத்துக்குரிய இடங்களைக் குறித்துக் காட்டும் மென்பொருளுக்கு 1998இலேயே அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்து, அடுத்த பத்தாண்டுகளில் அது மிகப் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. ஆனால் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் படங்களை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வு, அந்த மென்பொருளின் துணையோடு படித்தபோது மருத்துவர்களின் துல்லியம் கூடவில்லை என்று காட்டியது. அதன்பின் வந்த ஆழ்கற்றல் மென்பொருளை ஸ்வீடனில் நேரடிச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். சீட்டுக் குலுக்கலைப் போலப் பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவின் படங்களை வழக்கம்போல் இரு மருத்துவர்களும், மற்றொரு பிரிவில் ஆபத்து குறைவு என்று மென்பொருள் மதிப்பிட்ட படங்களை ஒரு மருத்துவர் மட்டும் படித்தார்கள். 80,033 பெண்களைப் பற்றிய 2023ஆம் ஆண்டு இடைக்கால முடிவில், வழக்கமான பிரிவில் ஆயிரம் பெண்களுக்கு 5.1 என்றிருந்த புற்றுநோய்க் கண்டறிதல் மென்பொருள் பிரிவில் 6.1 ஆக இருந்தது. படம் படிக்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது. இரண்டு காலகட்டங்களிலும் கணினி படத்தைப் பார்த்தது. ஆனால் பின்னதில் மென்பொருளுக்கு வேலை ஓட்டத்தில் எந்த இடம் என்பது திட்டமிட்டு வகுக்கப்பட்டு, நோயாளிகளிடமே சோதிக்கப்பட்டது. இந்த வேறுபாட்டையே நான் முதன்மையாகக் கருதுகிறேன்.

நம்பிக்கையின் அளவைப் பற்றிக் கேட்டீர்கள். நோயுள்ளவர்களில் 90 சதவீதத்தினரைப் பிடித்து, நோயற்றவர்களில் 90 சதவீதத்தினரைச் சரியாக விடுவிக்கும் ஒரு கருவியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நூற்றுக்கு ஒருவருக்கு நோயுள்ள 10,000 பேரைச் சோதித்தால், நோயுள்ள 100 பேரில் 90 பேர் பிடிபடுவார்கள். நோயற்ற 9,900 பேரில் 990 பேரும் நோயாளிகளாகக் குறிக்கப்படுவார்கள். ஐயப் பட்டியலில் உள்ள 1,080 பேரில் உண்மை நோயாளி பன்னிரண்டில் ஒருவர் மட்டுமே. நூற்றுக்கு முப்பது பேருக்கு நோயுள்ள இடத்தில் அதே கருவியின் பட்டியலில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் உண்மை நோயாளிகள். கருவி மாறவில்லை, மக்கள்தான் மாறினார்கள்.

படத்தின் தரத்தையும் ஒரு சொல் குறிப்பிடவேண்டும். தாய்லாந்தின் சிற்றூர் மருத்துவமனைகளில் விழித்திரை மென்பொருளை நடைமுறைப்படுத்தியபோது, ஐந்தில் ஒரு படத்துக்கும் மேல் தெளிவில்லை என்று மென்பொருள் மறுத்துவிட்டதாக 2020ஆம் ஆண்டு ஆய்வு பதிவு செய்கிறது. அறையின் வெளிச்சமும் ஒரு காரணம்.

தேன்சிட்டு:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. குழந்தைகளின் தொகுப்பை மட்டும் வைத்துக்கொண்டு மீண்டும் தொடங்க முடிவு செய்திருக்கிறோம். அதில் நோயற்ற படங்கள் குறைவு என்பது எவ்வளவு பெரிய தடை? முடிவை எந்த எண்ணால் தெரிவிப்பது முறையாகும்?

நுண்நோக்கி:

குறைவு என்பது தடையன்று. பயிற்சியின்போது அந்தப் பிரிவுக்குக் கூடுதல் எடை கொடுத்துச் சமாளிக்கலாம். நீங்கள் எடுத்தது சீனாவின் குவாங்சோ பெண்கள், குழந்தைகள் மருத்துவ மையத்திலிருந்து 2018இல் வெளியான தொகுப்பு என்றால், நிமோனியா படங்களின் கோப்புப் பெயரிலேயே நோயாளியின் எண் இருக்கும். ஒரே குழந்தையின் படங்கள் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்துவிடாமல் அந்த எண்ணை வைத்துப் பிரியுங்கள். அந்தத் தொகுப்போடு சரிபார்ப்புக்கென்று தனியாக வரும் 16 படங்கள் எதையும் முடிவுசெய்யப் போதாது. பயிற்சிப் பகுதியிலிருந்தே போதிய அளவு ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

நோயுள்ளோரில் எத்தனை சதவீதம் பிடிபட்டார்கள், நோயற்றோரில் எத்தனை சதவீதம் சரியாக விடுபட்டார்கள் என்று இரண்டு எண்களையும் தனித்தனியே, அவற்றின் நம்பக இடைவெளியோடு (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வரம்போடு) எழுதுங்கள். நிரல் தரும் எந்த மதிப்பெண்ணுக்கு மேல் நோய் என்று கொள்வது என்பதைச் சரிபார்ப்புப் படங்களில் முடிவுசெய்து உறைய வைத்துவிட்டு, அதன் பிறகே மூன்றாம் தொகுப்பைத் திறக்க வேண்டும். அது பெரியவர்களின் படங்கள் என்றால் ஒப்பீடு பொருந்தாது. குழந்தைகளின் வேறொரு தொகுப்பைத் தேடிப் பெறுங்கள். அதில் கிடைக்கும் எண் குறைவாக இருந்தாலும், அறிக்கையின் முதல் பக்கத்தில் அதையே இடுங்கள்.