பத்து விரலும் பழைய டைப்ரைட்டர் மெஷினிலேயே நிக்குது, தமிழ்99 கீபோர்டு எப்படிப் பழகுறது?

வண்ணை அக்கா:
1988ல எம்.சி. ரோடு பக்கம் தமிழ் டைப்பிங் ஹையர் பரீட்சை பாஸ் பண்ணவ நான். தண்டையார்பேட்டையில ஜாப் டைப்பிங் கடை. போன மாசம் பையன் கம்ப்யூட்டர்ல தமிழ்99 போட்டுக் குடுத்தான். அன்னிலேர்ந்து ரோதனை. இடது சுட்டுவிரல் தானா ‘க’வுக்குப் போகுது, அங்க இப்ப புள்ளி உக்காந்திருக்கு. ‘கெ’வுக்குக் கொம்பை முதல்ல அடிச்ச கை, ‘க’வுக்கு அப்புறம் ‘எ’ன்னா கேக்க மாட்டேங்குது. டைப்பிங்கே தெரியாத பையன் பத்து நாள்ல பிடிச்சுட்டான்.

இன்னொரு கூத்து. “பழைய போர்டுல ‘ழ’ எங்கம்மா?”ன்னான். வாயில வரல. மேஜைமேல விரல வச்சு ‘பழம்’ அடிச்சுப் பாத்துதான் சொன்னேன்.

பெரம்பூர் சைக்காலஜி:
இது கூத்தே இல்லக்கா. 2014ல அமெரிக்காவுல வேண்டர்பில்ட் யுனிவர்சிட்டியில, வேகமா டைப் பண்றவங்ககிட்ட வெத்துக் கீபோர்டு படத்தக் குடுத்து எழுத்த நிரப்பச் சொன்னாங்க. 26ல சராசரியா 15 எழுத்துதான் சரி. விரலுக்குத் தெரியும், கேட்டா சொல்ல வராது. 1987ல நிசன், புல்லெமர்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க பண்ண சோதனையில, மறதி நோயாளிங்ககூட திரும்பத் திரும்ப வந்த விளக்கு வரிசைக்கு வேகமா பட்டன் அழுத்தினாங்க. வரிசை இருந்ததே அவங்களுக்குத் தெரியாது.

பையன் கையில அழிக்க எதுவும் இல்ல. உங்க கையில பழைய பாடம் முந்திக்குது, அதுக்குப் பேர் முன்பழக்கக் குறுக்கீடு. விரல பாக்காதீங்க, பாத்தா இன்னும் தடுமாறும்.

காசிமேடு:
எதுக்குக்கா இந்த வம்பு? என்எச்எம் ரைட்டர்னு தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் இருக்கே, அதுல பழைய டைப்ரைட்டர் போர்டே இருக்கு. போட்டுட்டு வேலையப் பாருங்க.

வண்ணை அக்கா:
அது தெரியும் தம்பி. ஆனா ‘கொ’வுக்கு அங்க மூணு தட்டு, இங்க ரெண்டு. பத்திரம் அடிக்கிறவளுக்கு அது பெரிய விஷயம். ‘ம’ மட்டும் ரெண்டுலயும் அதே இடத்துல இருக்கு, ‘அம்மா’ அடிச்சாதான் மனசு ஆறுது!

ரெண்டு வாரம் விரலப் பாக்காம அடிச்சேன், கை கொஞ்சம் இறங்கி வந்துச்சு. நேத்து டைப்பிங் லோயர் பரீட்சை எழுதப் போற பொண்ணுக்குப் பழைய மெஷின்ல ‘கொடி’ அடிச்சுக் காட்டப் போனேன். ‘க’ முதல்ல விழுந்து, கொம்பு பின்னால அநாதையா நிக்குது. அந்தப் பொண்ணு சிரிக்குது. இதுக்கும் ஒரு பேர் வச்சிருப்பீங்களே, பெரம்பூர்?