புதுப்பிப்பு: தைப்பூசக் காட்சிகளுக்கான பாக்கிப் பணம்

பினாங்குத் தைப்பூசத்தில் நான் எடுத்த காட்சிகளுக்கு வெளிநாட்டுச் செய்தி நிறுவனம் ஒன்று பணம் தராமல் இழுத்தடிப்பதாகச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். முழுத் தொகையும் வந்துவிட்டது. தாமதக் கட்டணத்துக்கு மட்டும் வாயே திறக்கவில்லை.

நீங்கள் பலர் சொன்னபடி, வெட்டாத மூலக் காட்சிகளைக் கொடுக்காமல் வைத்திருந்ததுதான் பலித்தது. அவர்களுக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறும் காவடிகளைவிட, ரதத்துக்கு முன் சாலையில் சிதறுதேங்காய் உடைப்பதுதான் வேண்டியிருந்தது. லென்ஸில் தெறித்த தேங்காய்த் தண்ணீரைத் துண்டால் துடைத்துத் துடைத்து எடுத்த காட்சி அது, சும்மா கொடுப்பேனா? ஓராண்டு உரிமை மட்டும், தனி விலைக்கு என்று எழுதிவிட்டேன். இனிமேல் பாதி முன்பணம் வராமல் கேமராப் பையைத் திறப்பதாக இல்லை.

மலேசியாவில் படம்பிடிக்க உரிமம் வேண்டுமா என்று கேட்ட தம்பிக்கு: 1981ஆம் ஆண்டின் ஃபினாஸ் (மலேசியத் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம்) சட்டத்தைப் படியுங்கள். டிரோனுக்கு அனுமதி தனி.