இரவு 10:30 மணிக்கு ஸ்டாண்டப்: கோவை, பெர்லின், சியாட்டில் சேர்ந்த டீமுக்கு வழி சொல்லுங்கள்

நொய்யல்கரை

வணக்கம். ஒன்பது பேர் உள்ள மென்பொருள் டீமுக்கு நான் லீடு. ஐந்து பேர் கோவையிலும் சுற்றுவட்டாரத்திலும் வீட்டிலிருந்து வேலை செய்கிறோம். இரண்டு பேர் பெர்லினில். மேலாளரும் இன்னொருவரும் சியாட்டிலில்.

தினமும் ஒரு ஸ்டாண்டப் உண்டு, அதாவது அவரவர் வேலை நிலவரத்தைச் சொல்லும் குறுங்கூட்டம். கோடையில் நமக்கு இரவு 9:30. நவம்பர் பிறந்ததும் யாரும் கை வைக்காமலேயே அது 10:30 ஆகிவிடுகிறது. சியாட்டிலில் மட்டும் எப்போதும் காலை 9 மணி. 15 நிமிடம் என்று பெயர், ஆனால் முக்கால் மணி நேரம் ஓடுகிறது. ஒவ்வொருவராக நேற்று செய்ததையும் இன்று செய்யப்போவதையும் சொல்லி முடிக்கும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிடும். எங்கள் பக்கம் இரண்டு பேருக்குக் கைக்குழந்தை. ஒருவர் விடிகாலையில் அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறவர்.

இதைவிடப் பெரிய கவலை, நம்மவர்கள் கூட்டத்தில் வாய் திறப்பதில்லை. ஏதாவது கேள்வி உண்டா என்றால் அமைதி. கூட்டம் முடிந்த கையோடு எனக்குத் தனியாகச் செய்தி வரும்: "அண்ணா, அவர் சொன்ன தேதிக்கு முடியாது." நான் அதைக் கொண்டுபோனால், "அப்போதே சொல்லியிருக்கலாமே" என்கிறார் மேலாளர். நல்ல மனிதர்தான், உண்மையிலேயே புரியாமல் கேட்கிறார். எது எப்போது முடிவானது என்பதும் யாருக்கும் தெரிவதில்லை. பணம் செலுத்தும் பக்கத்தைப் பெர்லினில் ஒரு விதமாகவும் இங்கே வேறு விதமாகவும் எழுதி வைத்திருந்தோம்.

ஸ்டாண்டப்பையே நிறுத்தச் சொல்லலாமா? கேட்டால் வேலையில் அக்கறை இல்லை என்று நினைத்துவிடுவாரோ என்று தயக்கமாக இருக்கிறது.

பொருநை

முதலில் அந்த ஒரு மணி நேரத்தைப் பார்ப்போம், அது எளிது. அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை முன்னால் தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு திரும்ப வைக்கிறார்கள். நாம் மாற்றுவதே இல்லை. உங்கள் அழைப்பை சியாட்டிலில் இருப்பவர் உருவாக்கியிருப்பார், அதனால் அது அந்த ஊர் நேரத்தோடு கட்டப்பட்டிருக்கும். கூகுள் காலண்டரில் நிகழ்வைத் திருத்தப் போனால் நேரத்துக்குப் பக்கத்தில் நேர மண்டலம் இருக்கும். அதைக் கொல்கத்தா (இந்திய நேரம்) என்று மாற்றி, நேரத்தை இரவு 9:30 என்று வைத்துவிட்டால் குளிர்காலத்திலும் நமக்கு 9:30. அவர்களுக்குக் காலை 8 ஆகும்.

பெர்லினையும் கவனியுங்கள். ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறுகிறது. அதனால் மார்ச்சில் இரண்டு மூன்று வாரம், அக்டோபர் கடைசியில் ஒரு வாரம், பெர்லினுக்கும் சியாட்டிலுக்கும் இடையே வழக்கமான 9 மணி நேரம் 8 ஆகிவிடும். எங்கள் டீமில் ஆள் வராமல் போவது பெரும்பாலும் அந்த வாரங்களில்தான்.

தறிச்சத்தம்

சகோ, தினமும் ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் கூட வேண்டிய வேலையா இது? நேற்று என்ன, இன்று என்ன என்பதைக் கேட்க யாரும் விழித்திருக்க வேண்டியதில்லை. ஸ்லாக் அரட்டைச் செயலியில் ஒரு சேனல் வைத்து, அவரவர் வேலை முடிக்கும்போது நான்கு வரி எழுதட்டும். எழுதும்போது ஒன்றைக் கட்டாயமாக்குங்கள்: எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது, யாருடைய பதில் வேண்டும். மற்றதெல்லாம் வேலைகளைப் பதிந்து வைக்கும் ஜிராவிலேயே இருக்கிறது.

மேலாளர் ஸ்க்ரம் என்ற டீம் வேலைமுறையைக் காட்டி, தினமும் கூடத்தான் வேண்டும் என்று சொன்னால் பயப்படாதீர்கள். தினமும் 15 நிமிடம் கூட வேண்டும் என்பது ஸ்க்ரம் வழிகாட்டியில் இருப்பது உண்மை. ஆனால் அது வேலை செய்கிறவர்கள் தங்களுக்குள் திட்டத்தைச் சரிபார்த்துக்கொள்ளும் கூட்டம், மேலாளருக்கு நிலவரம் சொல்லும் கூட்டம் இல்லை. நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன என்ற அந்த மூன்று கேள்விகளையும் 2020 பதிப்பில் எடுத்தே விட்டார்கள்.

நான் செய்வதாக இருந்தால் இப்படிப் பிரிப்பேன். கோவையும் பெர்லினும் தினமும் நம் மதியம் 2 மணிக்கு 15 நிமிடம். பெர்லினில் அது கோடையில் காலை 10:30, குளிரில் 9:30, யாருக்கும் கஷ்டமில்லை. சியாட்டிலும் சேரும் முழுக் கூட்டம் வாரம் ஒன்று போதும். அதையும் மாற்றி மாற்றி வையுங்கள். ஒரு வாரம் அவர்களுக்குக் காலை 9, அடுத்த வாரம் காலை 7. அந்த 7 மணி நமக்குக் கோடையில் இரவு 7:30, குளிரில் 8:30. தூக்கம் கெடுவதை ஒரே ஊர் தலையில் கட்டக்கூடாது. இதை நான் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் பல டீம்களில் திறமையான ஆட்கள் ராஜினாமா கடிதத்தில் வேறு காரணம் எழுதிவிட்டுப் போவது இந்த இரவு மீட்டிங்கால்தான்.

மார்கழிப்பனி

பேசாமல் இருப்பதைப் பற்றி நான் சொல்கிறேன், பல வருடம் அந்த ஓரத்தில் உட்கார்ந்திருந்தவள்.

எல்லோரும் இதைக் கூச்சம், ஆங்கிலம் என்று முடித்துவிடுகிறார்கள். பாதி காரணம் ஒலி தாமதம். பேச்சு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 150 மில்லி விநாடிக்குள் போனால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது ஐடியூ என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பின் ஜி.114 பரிந்துரை. கோவை வீட்டு வைஃபையிலிருந்து சியாட்டிலுக்கு அதைத் தாண்டுவது சகஜம். மேலாளர் பேசி நிறுத்தியது எனக்குக் கேட்டு, நான் மியூட்டை எடுத்து வாய் திறப்பதற்குள் அவருக்கு அது நீண்ட மௌனமாகப் படும். சரி, யாருக்கும் கேள்வி இல்லை என்று அடுத்ததற்குப் போய்விடுவார். இரண்டு முறை இப்படிக் குரல் மோதினால் மூன்றாவது முறை நம் பிள்ளைகள் முயற்சியே செய்ய மாட்டார்கள்.

அதனால் பொதுவாகக் கேள்வி கேட்பதை நிறுத்தச் சொல்லுங்கள். கை தூக்கும் பொத்தானை எல்லோரும் பயன்படுத்தட்டும், மேலாளரும் சேர்த்து. கூட்டத்துக்கு முந்தைய நாளே ஒரு பொது ஆவணத்தில் பேசவேண்டியவற்றை எழுதி, ஒவ்வொன்றின் கீழும் கேள்விகளை எழுதச் சொல்லுங்கள். கூட்டத்தில் எழுதியவர் பெயர் சொல்லி, "உங்கள் கேள்வியை விளக்குங்கள்" என்றால் போதும். தயாராக வந்திருப்பவர் பேசுவார். அமேசானில் 2004-இல் மூத்த நிர்வாகிகள் கூட்டத்தில் பவர்பாயிண்டை விட்டுவிட்டு, ஆறு பக்கக் குறிப்பைக் கூட்டத்தின் தொடக்கத்தில் எல்லோரும் அமைதியாகப் படிக்கும் வழக்கம் வந்தது. உங்களுக்கு ஆறு பக்கம் வேண்டாம், அரைப் பக்கம் போதும். முதல் ஐந்து நிமிடம் படிக்க விடுங்கள்.

மீதிப் பாதி நம்முடையது. மேலாளர் சொன்ன தேதியை நாலு பேர் முன்னால் முடியாது என்று சொல்வது நம் பிள்ளைகளுக்கு மரியாதைக் குறைவாகத் தோன்றுகிறது. "இந்தத் தேதிக்கு முடியுமா?" என்று கேட்டால் முடியும் என்றுதான் பதில் வரும். "இதில் எது நம்மைத் தாமதப்படுத்தும்?" என்று கேட்டுப் பாருங்கள், பட்டியலே வரும். உங்களுக்குத் தனியாகச் செய்தி அனுப்பும் தம்பியிடம், "இதையே சேனலில் எழுது, முதல் ஆளாக நான் உன் பக்கம் பதில் போடுகிறேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி போடவும் வேண்டும். ஒரே ஒருமுறை அவர் தனித்து விடப்பட்டாலும் கதை முடிந்தது.

நொய்யல்கரை

மிக்க நன்றி. ஒலி தாமதம் பற்றி நான் யோசித்ததே இல்லை, நேற்று கவனித்தேன், அப்படியே நடக்கிறது. இரண்டு சந்தேகம். கேமரா போட்டே ஆக வேண்டும் என்கிறார் மேலாளர். எங்கள் டீமில் ஒருவருக்கு ஒரே அறை வீடு, பின்னால் பிள்ளைகள் தூங்கும். அப்புறம், முடிவுகள் தொலைந்துபோவதற்கு என்ன செய்வது?

மார்கழிப்பனி

கேமராவை வாரக் கூட்டத்தில் விருப்பமாக வைக்கச் சொல்லுங்கள். வீடியோ கூட்டம் ஏன் இவ்வளவு களைப்பாக இருக்கிறது என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லென்சன் 2021-இல் எழுதினார். நெருக்கமான பார்வை ஓயாமல் நம்மேல் இருப்பது, நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது, அசையாமல் உட்காருவது, சைகைகளைப் புரிந்துகொள்ள எடுக்கும் கூடுதல் முயற்சி என நான்கு காரணம் சொன்னார். போட்டே தீர வேண்டும் என்றால் ஜூமில் சொந்த முகத்தை மறைக்கும் வசதியும் பின்னணியை மங்கலாக்கும் வசதியும் உண்டு. ஆனால் தூங்கும் குழந்தை இருக்கும் அறையில் வெளிச்சம் போடச் சொல்வது நியாயமில்லை. அதைச் சொல்லத் தயங்காதீர்கள்.

வடகரைவாசி

நான் மறுபக்கத்து ஆள், வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கிறேன், சென்னையில் உள்ள டீமோடு வேலை. முடிவுகளுக்குத் தனியாக ஒரே ஒரு பக்கம் வையுங்கள். தேதி, என்ன முடிவு, யார் எடுத்தது, ஏன், எதை வேண்டாம் என்றோம். ஒவ்வொன்றும் நான்கைந்து வரி. அந்த "ஏன்" இல்லாவிட்டால் மூன்று மாதத்தில் அதே வாதம் திரும்ப வரும். ஸ்லாக்கில் பேசியது முடிவு ஆகாது, அந்தப் பக்கத்தில் ஏறினால்தான் முடிவு என்று எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். இலவச ஸ்லாக் வைத்திருந்தால் 90 நாளுக்கு முந்தைய செய்திகள் கண்ணுக்கே தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். கிட்லாப் என்ற மென்பொருள் நிறுவனம் அலுவலகமே இல்லாமல் பல நாட்டு ஆட்களை வைத்து நடப்பது இந்த எழுத்துப் பழக்கத்தால்தான். அவர்கள் கையேடு இணையத்தில் பொதுவில் கிடக்கிறது, கூட்டங்கள் பற்றிய பகுதியை மேலாளருக்கு அனுப்புங்கள்.

வெறும் "ஹாய்" அனுப்பிக் காத்திருக்கும் பழக்கத்தையும் விடச் சொல்லுங்கள். பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் அந்த ஹாய்க்கு ஒரு நாள் போய்விடுகிறது. கேள்வி, பார்த்த பிழைச் செய்தி, இதுவரை முயன்றது, பதில் வராவிட்டால் நீங்கள் செய்யப்போவது, எல்லாம் ஒரே செய்தியில் வரட்டும்.

உங்கள் தயக்கத்துக்கு ஒன்று சொல்கிறேன். இங்கே காலை 9 மணிக்குக் காபியோடு உட்காருகிறவருக்கு உங்கள் 10:30 உறைப்பதில்லை. யாரும் சொல்லாததால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றே நினைப்பார். குறையாகச் சொல்லாமல் மாற்று ஏற்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள், அதை ஆர்வமாகத்தான் எடுத்துக்கொள்வார்.

நொய்யல்கரை

இப்படி எழுதியிருக்கிறேன், ஆங்கிலத்தில் அனுப்பும் முன் பாருங்கள்:

"தினசரி நிலவரத்தை எழுத்தில் தருகிறோம். கோவையும் பெர்லினும் தினமும் எங்கள் மதியம் 2 மணிக்குப் பேசும். முழு டீம் வியாழன் ஒரு நாள், ஒரு வாரம் உங்கள் காலை 9, அடுத்த வாரம் காலை 7. முந்தைய நாளே கேள்விகள் ஆவணத்தில் இருக்கும். முடிவுகள் ஒரே பக்கத்தில் பதிவாகும். இப்போதைய கூட்டம் குளிர்காலத்தில் எங்களுக்கு இரவு 10:30-க்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு மேல் முடிகிறது. சிலருக்கு இது மிகவும் கடினம்."

வடகரைவாசி

நன்றாக இருக்கிறது. அந்த இரவு 10:30 வரியை முதலில் கொண்டுவாருங்கள், கடைசியில் இருந்தால் கண்ணில் படாது. ஆறு வாரம் பார்ப்போம், சரிவராவிட்டால் பழையபடி மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு வரி சேருங்கள், ஒப்புக்கொள்வது அவருக்கு எளிதாகும்.

பொருநை

புது அழைப்புகளை உருவாக்கும்போது மதியக் கூட்டத்துக்குக் கொல்கத்தா நேரம், வாரக் கூட்டத்துக்கு சியாட்டில் நேரம் வையுங்கள். 9 மணி வாரத்துக்கு ஒன்று, 7 மணி வாரத்துக்கு ஒன்று என இரண்டு தனி அழைப்பாக, ஒவ்வொன்றும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும்படி. பழைய அழைப்பை மேலாளரே நீக்க வேண்டும், நீங்கள் மறுத்தால் உங்கள் காலண்டரில் இருந்து மட்டும்தான் போகும்.